ரப்பர் ராணியைப் பார்த்தவர்கள்

1984 பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை இரவு. பிரிட்டனில் ஐடிவி சேனலைப் போட்டவர்கள் கண்முன்னே ரப்பர் முகங்கள் பேசத் தொடங்கின. பிரதமர் மார்கரெட் தாட்சர், அமெரிக்க அதிபர் ரீகன் என்று ஒவ்வொருவராக வந்து போனார்கள். நிகழ்ச்சியின் பெயர் ‘ஸ்பிட்டிங் இமேஜ்’. ஒருவரைப் போலவே இன்னொருவர் இருந்தால் ‘உரித்துவைத்தாற்போல்’ என்று சொல்வோமே, அதற்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் சொல் அது. முதல் நாளில் அரச குடும்பத்தைக் கேலி செய்த காட்சிகளை மட்டும் வெட்டிவிட்டார்கள். நிகழ்ச்சியைத் தயாரித்த சென்ட்ரல் தொலைக்காட்சியின் புதிய நிலையத்தைச் சில நாட்களில் திறந்துவைக்கப் போகிறவர் ராணியின் கணவர் பிலிப்.

அந்தத் தயக்கம் நீடிக்கவில்லை. தலையில் முக்காடு கட்டிய ராணி எலிசபெத், விசிறி அளவு காதுகளோடு இளவரசர் சார்லஸ், கையில் ஜின் பாட்டிலோடு ராணியின் தாயார் என்று அரண்மனையே வரவேற்பறைகளுக்குள் நுழைந்தது. 1996 வரை நிகழ்ச்சி ஓடியது. உச்சத்தில் இருந்தபோது ஒன்றரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். அன்றைய பிரிட்டனின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தரைக் கோடி. நான்கு பேரில் ஒருவருக்கும் மேல் அந்த ரப்பர் முகங்களின் முன் உட்கார்ந்திருந்தார்கள்.

பொம்மைகளைச் செய்தவர்கள் பீட்டர் ஃபிளக், ரோஜர் லா என்ற இரு சிற்பிகள். கேம்பிரிட்ஜ் கலைப்பள்ளியில் சேர்ந்து படித்தவர்கள். அதற்கு முன்பே களிமண்ணில் கேலி உருவங்கள் வடித்து, படமெடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சிக்கு வந்தபோது அந்த முகங்கள் பேச வேண்டும், முழிக்க வேண்டும். முதலில் களிமண்ணில் தலை வடிப்பார்கள். அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். ரப்பர் பாலை ஆப்ப மாவு போல நுரைக்க நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, சூளையில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். வெந்து வருவது காற்றுக்குமிழிகள் நிறைந்த நுரை ரப்பர். கன்னத்தைக் கிள்ளினால் கன்னம் போலவே அமுங்கும். ஒரு பொம்மையை இயக்கப் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கை தலைக்குள் புகுந்து வாயை ஆட்டும், இன்னொருவர் மற்ற அசைவுகளைப் பார்த்துக்கொள்வார். முன்பே பதிவு செய்த குரலுக்கு ஏற்ப அந்த வாய் திறந்து மூட வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி. அந்த முகங்களில் ஒன்றுகூட மனித முகம் அல்ல. அப்படிக் காது வளர்ந்த மனிதர் உலகில் எங்கும் கிடையாது. ஆனாலும் பார்த்தவர் அத்தனை பேரும் அரை நொடியில் “சார்லஸ்!” என்றார்கள். எப்படி?

விடையின் முதல் துண்டு பாரிஸில், ஒரு நீதிமன்றத்தில் கிடக்கிறது. ஆண்டு 1831. மன்னர் லூயி-பிலிப்பைக் கேலிச்சித்திரத்தால் இழிவு செய்ததாகப் பத்திரிகை ஆசிரியர் சார்ல் ஃபிலிப்போன் மீது வழக்கு. அவர் தன் தரப்பை வாயால் மட்டும் வாதிடவில்லை, வரைந்தும் காட்டினார். முதல் படம் அச்சு அசலாக மன்னர். இரண்டாவதில் தாடை சற்றுப் பெருத்தது. மூன்றாவதில் நெற்றி குறுகியது. நான்காவது ஒரு பேரிக்காய். முதல் படம் குற்றம் என்றால் அதைப் போலிருக்கும் இரண்டாவதும் குற்றம், அதைப் போலிருக்கும் மூன்றாவதும் குற்றம், அப்படியானால் பேரிக்காய் வரைவதும் குற்றமா என்று கேட்டார். ஆறு மாதச் சிறை கிடைத்தது. ஆனால் பேரிக்காயை யாராலும் சிறையில் போட முடியவில்லை. பிரான்ஸ் முழுக்கச் சுவர்களில் அது முளைத்தது. நாலு கோடு கிழிக்கத் தெரிந்த சிறுவன்கூட மன்னரை வரைந்தான்.

ஃபிலிப்போன் கையால் செய்ததை ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஒரு கணினி செய்தது. 1982இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சூசன் பிரென்னன் என்ற ஆய்வு மாணவி கேலிச்சித்திரம் வரையும் நிரல் ஒன்றை எழுதினார். ஒரு முகத்தைப் பல புள்ளிகளாக அவர் குறித்துக்கொள்வார். பல முகங்களைக் கலந்து கிடைத்த சராசரி முகத்தோடு அதைப் பொருத்துவார். ஒவ்வொரு புள்ளியும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த விலகலை மட்டும் பெருக்குவார். சராசரியைவிட மூக்கு சற்று நீளமென்றால் இன்னும் நீளும், கண்கள் சற்று நெருக்கமென்றால் இன்னும் நெருங்கும். சராசரியாக உள்ள உறுப்பு அப்படியே இருக்கும். கைதேர்ந்த ஓவியரின் குறும்பு என்று நாம் நினைத்திருந்தது ஒரு கழித்தல், ஒரு பெருக்கல்.

கில்லியன் ரோட்ஸ் என்ற உளவியலாளர் பிரென்னனோடு சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஆய்வு அடுத்த வியப்பைக் கொண்டுவந்தது. தெரிந்தவர்களின் கோட்டோவியங்களை மூன்று விதமாக மக்களிடம் காட்டினார்கள். ஒன்று உள்ளது உள்ளபடி, ஒன்று விலகலைப் பெருக்கியது, ஒன்று விலகலைக் குறைத்துச் சராசரியை நோக்கி இழுத்தது. யாரென்று மிக விரைவாகக் கண்டுபிடிக்க உதவியது பெருக்கிய படம்தான். உண்மையான படம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

இதை விளங்கிக்கொள்ள நம் ஊரில் வழி கேட்பதை நினைத்துப் பாருங்கள். “பிள்ளையார் கோயிலிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது வீடு” என்பார்களே தவிர, அட்சரேகை தீர்க்கரேகை யாரும் சொல்வதில்லை. மூளையும் முகங்களை அப்படித்தான் வைத்துக்கொள்கிறது போலிருக்கிறது. சராசரி முகம்தான் பிள்ளையார் கோயில். ஒவ்வொரு முகமும் அங்கிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதே அதன் முகவரி. கேலிச்சித்திரம் அதே திசையில் இன்னும் நான்கு வீடு தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிறது. திசை மாறாததால் ஆள் மாறுவதில்லை. அக்கம்பக்கத்து முகங்களிலிருந்து விலகிவிடுவதால் குழப்பமும் இல்லை. 2006இல் டேவிட் லியோபோல்டும் சக ஆய்வாளர்களும் குரங்குகளின் மூளையில் முகங்களுக்கு எதிர்வினை காட்டும் நரம்பணுக்களைத் தனித்தனியே கவனித்தார்கள். காட்டிய முகம் சராசரியிலிருந்து விலக விலக, பல அணுக்களின் துடிப்பும் கூடிக்கொண்டே போனது. கேலியை ரசிக்கும் திறன் இல்லாத மூளையிலும் மிகைப்படுத்திய முகத்துக்குத் தனி வரவேற்பு இருக்கிறது.

இந்த வரவேற்பு எவ்வளவு பழையது என்பதைக் கடற்காகக் குஞ்சுகள் காட்டின. தாயின் மஞ்சள் அலகில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. அதைக் கொத்தினால் குஞ்சுக்கு உணவு கிடைக்கும். உயிரியலாளர் நிகோ டின்பர்கன் தாய்க்குப் பதில், மூன்று வெள்ளைக் கோடு போட்ட மெல்லிய சிவப்புக் குச்சியை நீட்டினார். குஞ்சுகள் உண்மையான அலகைவிட ஆவேசமாக அதைக் கொத்தின. இதற்கு மிகைத்தூண்டல் என்று பெயர். இயற்கையில் உள்ளதைத் தாண்டிய தூண்டுதல் இயற்கையைவிட வலுவாக வேலை செய்வது என்று பொருள்.

இந்த இழைகளையெல்லாம் எடுத்துக் கலைக்குள் முடிச்சுப் போட்டவர் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன். 1999இல் தத்துவவியலாளர் வில்லியம் ஹர்ஸ்டீனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதை உச்ச நகர்வு என்ற விதியாக வைத்தார். சதுரத்தை விட்டு நீள்சதுரத்தைத் தேர்ந்தெடுக்க ஓர் எலியைப் பழக்கினால், பழகிய நீள்சதுரத்தைவிட இன்னும் நீண்டதையே அது நாடும். அது கற்றது ஒரு வடிவத்தை அல்ல, ஒரு வேறுபாட்டை. அதிபர் நிக்சனின் கேலிச்சித்திரமும் சோழர் காலப் பார்வதி செப்புத் திருமேனியும் இதே விதியில் இயங்குகின்றன என்றார் ராமச்சந்திரன். ஒன்றில் ஒரு மனிதரின் தனித்தன்மை பெருக்கப்படுகிறது, மற்றொன்றில் பெண்மையின் நளினம். சோழச் சிற்பியின் உலைக்களத்தையும் லண்டன் பொம்மைப் பட்டறையையும் ஒரே விதி இணைக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இன்றும் அது குறையவில்லை.

அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் சிரிப்பு ஏன் வர வேண்டும்? கோபமும் வரலாமே? பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் இருவரும் 2010இல் ஒரு விளக்கம் தந்தார்கள். அவர்கள் சொல்வதைத் தீங்கில்லா மீறல் எனலாம். ஏதோ ஒரு ஒழுங்கு மீறப்பட வேண்டும், அதே கணத்தில் ‘பரவாயில்லை, யாருக்கும் அடிபடவில்லை’ என்றும் மனம் உணர வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் சிரிப்பு. அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவதைப் பாருங்கள். செய்வது அம்மா என்றால் சிரிப்பு, முன்பின் தெரியாதவர் என்றால் அலறல். தூரமும் முக்கியம். 2012இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலைப் பற்றிய நகைச்சுவை வரிகளை வெவ்வேறு நாட்களில் மக்களிடம் காட்டிக் கேட்டார்கள். புயல் அடித்த வாரங்களில் சிரிப்பு வரவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து நன்றாக வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி வற்றிவிட்டது. அருகில் இருந்தால் சுடுகிறது, ரொம்பத் தள்ளிப் போனால் யாருக்கு என்ன என்றாகிவிடுகிறது.

ராணியின் தாயாருடைய பொம்மைக்குக் கிளம்பிய எதிர்ப்பை இந்தக் கண்ணால் பார்த்தால் தெளிவாகிறது. சார்லஸின் காதைப் பார்த்துச் சிரித்த நாட்டில், அந்த முதியவரின் ஜின் பாட்டில் நாளிதழ்களைக் கொதிக்க வைத்தது. அவர் 1900இல் பிறந்தவர். 1940இல் பக்கிங்ஹாம் அரண்மனை மீதே ஜெர்மானியக் குண்டுகள் விழுந்தபோது லண்டனை விட்டுப் போகாமல், குண்டுவீச்சில் வீடிழந்தவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தவர். அந்தக் காலத்தைக் கண்ட பார்வையாளருக்கு அது ரப்பர் அல்ல, தங்களோடு போரைக் கடந்த ஒரு பெண்மணி. அவர்களின் பேரப்பிள்ளைக்கு அதே பொம்மை வேடிக்கையான பாட்டி. ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் அந்தப் பொம்மை வெவ்வேறு தூரத்தில் இருந்தது.

சோபா என்றதும் இன்னொன்று. மனிதர் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார் என்று நாட்குறிப்புகளை வைத்துக் கணக்கிட்டார் ராபர்ட் புரோவைன். ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு, நகைச்சுவைக் காட்சிகளைச் சேர்ந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்களின் கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கியும் குளிரூட்டிய உறையை மாட்டியும் சோதித்தது. சிரித்தவர்கள் முன்பைவிட அதிக வலியைத் தாங்கினார்கள். உடலே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்பின்தான் காரணம் என்பது அவர்கள் கருத்து. பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்து 2017இல் வெளியான மூளைப்பட ஆய்வும், நண்பர்களோடு சிரித்தபின் அவ்வகை வேதிப்பொருள் மூளையில் வெளிப்படுவதைக் காட்டியது. ஞாயிறு இரவில் குடும்பமாகச் சிரித்தவர்களுக்கு ராணியைப் பற்றி ஒரு கருத்து கிடைத்ததோ இல்லையோ, ஒருவரோடொருவர் நெருக்கம் கிடைத்தது.

கேலிக்கு ஆளானவரும் ஒரு பார்வையாளர்தான். அவர் எதிர்வினை தனி ரகம். 1820இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் தன்னை ஒழுக்கக்கேடான நிலையில் வரையக்கூடாது என்று ஓவியர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்குக்கு 100 பவுண்டு கொடுத்தார். ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ நாட்களில் லிபரல் கட்சித் தலைவர் டேவிட் ஸ்டீல், கூட்டணிக் கட்சித் தலைவர் டேவிட் ஓவனின் சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டிப் பொம்மையாகக் காட்டப்பட்டார். அந்தப் பொம்மை தன் அரசியல் மதிப்பைக் குலைத்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். அரச குடும்பத்துக்கு அப்படி எதுவும் ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்பதற்கு அழகான தடயம் தந்தவர் லஃபரோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பில்லிக். 1980களின் இறுதியில் அவருடைய ஆய்வு, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் 63 குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே உட்காரவைத்து அரச குடும்பத்தைப் பற்றிப் பேசவிட்டுப் பதிவு செய்தது. சென்ட்ரல் தொலைக்காட்சியின் சொந்த வட்டாரமும் அதுதான். பேச்சு முழுக்கக் கேலி வழிந்தது. ஆனால் கேலி செய்தவர்கள் அரண்மனையை மூடச் சொல்லவில்லை. ‘அந்த வாழ்க்கை நமக்கு வேண்டாம், நம் வீடே மேல்’ என்ற இடத்துக்கே பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. ராணியைப் பார்த்துச் சிரித்தவர்கள் தங்கள் சாதாரண வாழ்க்கையோடு சமாதானம் செய்துகொண்டார்கள். முடியாட்சியை வெறுப்பவருக்கு அந்தப் பொம்மை ஓர் ஆயுதம், விரும்புபவருக்கு அது செல்லக் கிள்ளல். வேறு நாட்டுக் கேலி நிகழ்ச்சிகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். ஸ்டீபன் கோல்பேர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பழமைவாதி வேடம் கட்டிப் பழமைவாதிகளையே கிண்டல் செய்தார். ஆனால் பழமைவாதப் பார்வையாளர்களில் பலர், அவர் பேசுவதில் உண்மையான நம்பிக்கையும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டதை 2009இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. நகைச்சுவையின் கடைசிப் பாதியைப் பார்ப்பவரே எழுதிக்கொள்கிறார்.

ரோஜர் லா தன்னிடமிருந்த ஓவியங்களையும் எழுத்துப்படிகளையும் பொம்மைகளையும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். 2023இல் அங்கே அவற்றை வைத்து ஒரு கண்காட்சியும் நடந்தது. காப்பாளர்களுக்குப் பெரிய சவால் அந்த ரப்பர். நுரைக்குள் இருக்கும் எண்ணற்ற குமிழிகளிலும் காற்று நிற்கிறது. அதிலுள்ள ஆக்சிஜன் மேற்புறத்தில் மட்டும் வேலை செய்வதில்லை, உள்ளிருந்தும் அரிக்கிறது. மென்மையாக இருந்த கன்னம் இறுகுகிறது, வெடிக்கிறது, தொட்டால் பொடியாக உதிர்கிறது. 1831இல் ஃபிலிப்போன் தாளில் வரைந்த பேரிக்காய் இன்றும் கோடு மங்காமல் இருக்கிறது. அரை நூற்றாண்டுகூட ஆகாத ராஜமுகங்கள் தூளாகிக்கொண்டிருக்கின்றன.