பாலாற்றுப் பாசிக்குப் பேர் என்ன?

மழை விட்ட மறுநாள் வயலில் கால் வைத்தால் வழுக்குமே, அந்தப் பச்சைப் படலத்தைப் 'பாசி' என்று தாண்டிப் போய்விடுகிறோம். அதில் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்களும் உண்டு. நெல் விவசாயிகள் உயிர் உரமாகப் போடும் நீலப்பச்சைப் பாசி இதுதான். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் மண் வாங்கிய அடி பெரிது. தோல் பதனிடும் உப்பும் குரோமியமும் கழிவுநீரோடு நிலத்தில் இறங்கின. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை, 1996-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே குறிப்பிட்டது.

கெட்ட மண்ணைப் பாசி மீட்குமா? வட இந்தியாவின் உவர் நிலங்களை மீட்கும் என்று 1950-லேயே எழுதினார் தாவரவியலாளர் ஆர்.என்.சிங். ஆனால், எந்தப் பாசி? உப்பைத் தாங்குவதும் தாங்காததும் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியலாம்.

அதனால்தான் புதிய இனம் என்று சொல்ல இத்தனை மெனக்கெடல். மண்ணிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்து வளர்க்க வேண்டும். செல்லை அளந்து, மரபணுவைத் தெரிந்த இனங்களோடு ஒப்பிட வேண்டும். மாதிரியைப் பத்திரப்படுத்திய பிறகே பெயர். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி.வி.தேசிகாச்சாரி 1959-ல் தந்த 'சயனோபைட்டா' நூல் இதற்கு இன்றும் கைகொடுக்கிறது.

குரோமியத்தை எந்தப் பாசியும் மாயமாக்காது. சில இனங்கள் உடம்பில் ஈர்த்துக்கொள்ளும், அவ்வளவே. கழிவைத் தடுப்பதுதான் முதல் வைத்தியம். அத்தனை உப்பிலும் பிழைத்துக் கிடக்கும் பச்சை எது என்று கண்டுபிடித்தால், அடுத்த வைத்தியம் அங்கிருந்து தொடங்கலாம்!