கணினி வலையில் சுழல்

சுவிட்ச் என்றதும் சுவரில் விளக்கைப் போடவும் அணைக்கவும் உதவும் பொத்தான்தான் நினைவுக்கு வரும். இன்று நாம் பேசப்போவது அதுவன்று. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கணினிகளின் கம்பிகள் வந்து சேரும் தட்டையான பெட்டிக்கும் அதே பெயர்தான்.

இப்பெட்டி, அஞ்சலகத்தில் கடிதம் பிரிப்பவரைப் போன்றது. எந்தக் கணினி எந்தத் துளையில் இணைந்திருக்கிறது என்பதை, வரும் தகவல்களில் உள்ள அனுப்புநர் முகவரியைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. பெறுநர் இருக்குமிடம் தெரிந்தால் உரிய துளைக்கு மட்டும் அனுப்பும். தெரியாவிட்டாலோ, 'எல்லாருக்கும்' என்று குறித்திருந்தாலோ, வந்த துளை நீங்கலாக மற்ற எல்லாத் துளைகளிலும் அனுப்பிவிடும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இரண்டு பெட்டிகளை ஒரு கம்பி இணைத்திருக்க, யாரோ இரண்டாவது கம்பியையும் செருகிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'எல்லாருக்கும்' என்ற தகவல் ஒரு கம்பி வழியே போய் மற்றதன் வழியே திரும்பும், மீண்டும் போகும். இத்தனை சுற்றுக்குப்பின் மடிந்துவிடு என்று சொல்லும் எண் எதுவும் ஈதர்நெட் தகவலில் கிடையாது. எனவே அது ஓயாது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் கணினிகளுக்கும் நகல் போய்க்கொண்டே இருக்கும். சில நொடிகளில் வலை முழுவதும் திணறிவிடும்.

அதற்காக இரண்டாவது கம்பியே கூடாது என்பதில்லை. ஒன்று அறுந்தால் மற்றொன்று உதவட்டும் என்று வேண்டுமென்றே போடுவதும் உண்டு. இதற்கு 1985இல் வழி கண்டவர் அமெரிக்கப் பொறியாளர் ரேடியா பெர்ல்மன் அம்மையார். (தம் முறையைப் பற்றி அவர் ஒரு கவிதையே எழுதினார்!) சுவிட்சுகள் தமக்குள் செய்தி பரிமாறி ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கும். தலைமையை அடைவதற்கு மற்ற ஒவ்வொன்றும் ஒரே ஒரு நல்ல வழியை வைத்துக்கொள்ளும். சுழலை உண்டாக்கும் வழிகள் அடைக்கப்படும். வைத்துக்கொண்ட வழி அறுந்தால் அடைத்தது திறக்கும். 'ஸ்பேனிங் ட்ரீ' எனப்படும் இம்முறை 1990இல் பொதுத்தரமாயிற்று. தொடக்கத்தில் மாற்றுவழி திறக்க 30 முதல் 50 நொடிகள் பிடித்தன. 2001இல் வந்த விரைவு முறை அதை வெகுவாகக் குறைத்தது.

மலிவான சாதாரண சுவிட்சுகளில் பொதுவாக இவ்வசதி இராது. நிர்வகிக்கத்தக்க சுவிட்சுகளில் உண்டு. வலையைப் பகுதிகளாகப் பிரிப்பது முதலிய வேறு வசதிகளும் அவற்றில் உள்ளன. என் கணிப்பில், கொடுக்கும் விலைக்கு இந்த ஒன்றே போதும்.

ஆனால் வாங்கி மாட்டிவிட்டால் மட்டும் போதாது. பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் ஸ்பேனிங் ட்ரீ இருந்தது. இருந்தும், தொடராக 7 சுவிட்சுகளுக்கு மேல் வேண்டாம் என்ற பரிந்துரையைத் தாண்டி வலை வளர்ந்துவிட்டது. 2002 நவம்பரில் அது நிலைகுலைய, ஏறக்குறைய 4 நாட்கள் மருத்துவர்கள் காகிதத்தில் எழுதிப் பணிபுரிய நேர்ந்தது.

பள்ளியிலோ அலுவலகத்திலோ வலையைக் கவனிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். எல்லாச் சுவிட்சுகளும் ஆலையில் வைத்த 32768 என்ற முன்னுரிமை எண்ணோடே இருந்தால், வன்பொருள் முகவரி சிறியதாக உள்ளதே தலைமையாகும். அது பெரும்பாலும் மூலையில் கிடக்கும் மிகப் பழைய பெட்டியாக அமைந்துவிடுவதுண்டு. நடுவில் உள்ள நல்ல சுவிட்சுக்கு 4096 என்று சிறிய எண்ணைக் கொடுத்துவிட்டால், தலைமை அதனிடம் போய்விடும்.