தோள்சீலைப் போராட்டமும் ஆடையின் சமூகப் பொருளும்

பெண்களின் ஆடையை நாணத்தோடு மாத்திரம் தொடர்புறுத்தி நோக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தென் திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டமும் பெரும்பாலும் மானங்காத்த வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இந்நோக்கு போராட்டத்தின் அடிப்படையையே மறைத்துவிடுகின்றது.

அச்சமூகத்தில் மார்பைத் திறந்திருத்தல் நாணமின்மையின் அறிகுறியன்று, பணிவின் அடையாளமாகும். நாயர்ப் பெண்டிரும் நம்பூதிரிமார் முன்னிலையில் மேலாடையை விலக்குதல் மரபாயிருந்தது. ஆயின் அவர்களுக்கு விலக்குவதற்கு ஒரு தோள்சீலை இருந்தது. சாணார் என அன்று அழைக்கப்பட்ட நாடார்ப் பெண்டிருக்கோ அதுவும் மறுக்கப்பட்டது. பனையேறிகளாகவும் குத்தகையாளராகவும் வாழ்ந்த அம்மக்கள் அரசுக்கு ஊதியமின்றி ஊழியமுஞ் செய்தனர். எவரிடம் ஊழியங் கொள்ளலாம் என்பதை ஆடையே காட்டிற்று எனலாம். (யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்டிர் மேலாடை அணிதல் தடுக்கப்பட்டிருந்தமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.)

ஜோன் மன்றோ திவானாயிருந்த காலத்தில், மதம் மாறிய பெண்கள் சிரியக் கிறித்தவரைப் போன்று குப்பாயம் அணிய அனுமதிக்கப்பட்டனர். மிஷனரிமாரின் ஒழுக்க நோக்கிற்கு அது போதுமானதாயிருந்தது. பெண்களுக்கு அது போதவில்லை. அவர்கள் குப்பாயத்தின் மேல் உயர்சாதியினரின் தோள்சீலையையும் அணிந்தனர். கலகம் மூண்டது இதனாலேயே. சந்தைகளில் ஆடைகள் கிழிக்கப்பட்டன. கோயில்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. இத்துணிவை மதமாற்றத்தின் விளைவாக மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. நாகர்கோவிலில் மார்த்தா மோல்ட் அம்மையார் தொடங்கிய ரேந்தைத் தொழில் பெண்கள் சிலருக்கு நிலவுடைமையாளரைச் சாராத வருவாயை அளித்தது. கிறித்தவத்துக்குப் புறம்பே ஐயா வைகுண்டரைப் பின்பற்றிய ஆண்கள் தலைப்பாகை அணிந்து வழிபட்டமையும் இதே உரிமைக் குரலின் மற்றொரு வடிவமாகும்.

அரசாணைகளின் வாசகம் உண்மையைத் தெளிவுறுத்துகின்றது. 1829ஆம் ஆண்டு ஆணை குப்பாயத்தை அனுமதித்துத் தோள்சீலையைத் தடுத்தது. மதம் மாறியோர் ஏனையோரைப் போன்றே ஊழியஞ் செய்தல் வேண்டும் என்பதையும் அதே ஆணை வலியுறுத்திற்று. ஆடையும் உழைப்பும் ஒரே தாளில் இடம்பெற்றமை தற்செயலன்று.

1858-59 கலகங்களையும், சென்னை ஆளுநர் திரெவெலியனின் நெருக்குதலையும் அடுத்து, 1859 யூலையில் மற்றோர் ஆணை பிறந்தது. எம்மதத்தைச் சார்ந்த நாடார்ப் பெண்டிரும் குப்பாயம் அணியலாம்; முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம்; வேறெவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். உயர்சாதிப் பெண்டிரைப் போல மாத்திரம் உடுத்தலாகாது என்பதே அவ்வாணை விட்டுக்கொடாத ஒரே நிபந்தனை.