முறை வைத்து ஓடும் இரட்டை டர்போ: கழற்றி எறியலாமா, சீர் செய்யலாமா?

ஜப்பான் நாட்டின் ஹிரோஷிமா பகுதியைச் சேர்ந்த மாஸ்டா கம்பெனி 1991-ம் ஆண்டு இறுதியில் ஒரு புதிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. அதன் பெயர் ஆர்.எக்ஸ்.-7. என்ஜினின் கொள்ளளவு வெறும் 1,308 சி.சி.தான். ஆனால் அதன் சக்தியோ 255 குதிரை! பின்னர் 1999-ல் அதே என்ஜினிலிருந்து 280 குதிரை சக்தி வரை எடுத்தார்கள்.

இவ்வளவு சிறிய என்ஜினுக்கு இத்தனை வலு எங்கிருந்து வந்தது? அதில் பூட்டியிருந்த இரண்டு டர்போக்களிலிருந்து வந்தது.

அந்தக் காரின் உற்பத்தி 2002-ல் நின்றுவிட்டது. என்றாலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பலர் அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. இரண்டு டர்போக்களையும் கம்பெனி அமைத்தபடி முறை வைத்து ஓட்டுவதா? அல்லது அந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு, இரண்டையும் ஒன்றாக ஓட விடுவதா?

இது வெறும் வாய்ச்சண்டை அல்ல. இதில் தவறான முடிவு எடுத்தால் என்ஜினே உடைந்து போகும்.

டர்போ என்ன செய்கிறது?

நெடுஞ்சாலையில் போகும் லாரிகளில் "டர்போ" என்று எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். என்ஜினில் எரிந்து வெளியேறும் புகைக்கு வேகமும் சூடும் அதிகம். அது வீணாக சைலன்சர் வழியே போகிறது. போகிற வழியில் ஒரு சிறிய சக்கரத்தை வைத்து அந்தப் புகையைக் கொண்டே சுழற்றினால், அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் அதற்கேற்பப் பெட்ரோலையும் அதிகம் எரிக்கலாம். வலு கூடும்.

சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ஆல்பிரட் பூக்கி என்பவர் 1905-ம் ஆண்டிலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் டர்போவுக்கு ஒரு குறை உண்டு. என்ஜின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு. சக்கரம் சோம்பலாகச் சுற்றும். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்த பிறகு சிறிது நேரம் கழித்துத்தான் வேகம் பிடிக்கும். சிறிய டர்போ என்றால் சீக்கிரம் விழித்துக்கொள்ளும், ஆனால் அதிக வேகத்தில் மூச்சு வாங்கும். பெரிய டர்போ அதிக வேகத்தில் நன்றாக வேலை செய்யும், ஆனால் விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும்.

முறைத் தண்ணீர் போல

இதற்கு என்ஜினீயர்கள் கண்ட வழியை நம் கிராமத்து வயலை வைத்தே புரிந்து கொள்ளலாம். வாய்க்காலில் தண்ணீர் குறைவாக வரும்போது எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் எந்த வயலுக்கும் சரியாகப் பாயாது. முதலில் ஒரு மடையை மட்டும் திறப்பார்கள். தண்ணீர் பெருகியதும் அடுத்த மடையையும் திறப்பார்கள்.

இரட்டை டர்போவிலும் இதே கதைதான். புகை குறைவாக இருக்கும்போது அத்தனையும் முதல் டர்போவுக்கே போகும். புகை பெருகியதும் இரண்டாவது டர்போவுக்கும் வழி திறக்கும்.

ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி 1986-ல் 959 என்ற காரில் இந்த ஏற்பாட்டைச் செய்தது. மாஸ்டா 1990-ல் யூனோஸ் காஸ்மோ காரிலும், அடுத்த ஆண்டில் ஆர்.எக்ஸ்.-7 காரிலும் இதைக் கொண்டுவந்தது.

ஆர்.எக்ஸ்.-7 காரில் நிமிடத்துக்குச் சுமார் 1,800 சுற்று என்ற நிலையிலேயே முதல் டர்போ காற்றைத் தள்ளத் தொடங்கிவிடும். 4,500 சுற்றை எட்டும்போது இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். சும்மா நிற்கும் டர்போவைத் திடீரென்று சேர்த்தால் வண்டி குலுங்கும் அல்லவா? அதற்காக, சேருவதற்கு முன்பே கொஞ்சம் புகையை அனுப்பி இரண்டாவது டர்போவைச் சுற்ற வைத்துத் தயாராக வைத்திருப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் அழுத்த மீட்டரில் ஒரு கணக்கு தெரியும். சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு ஏறும். மாறும் இடத்தில் கண நேரம் 8-க்கு இறங்கும். மறுபடியும் 10-க்கு ஏறும். இந்தப் "பத்து, எட்டு, பத்து" கணக்குதான் அந்தக் காருக்கு நாடித்துடிப்பு.

நான்கு கதவுகள், எண்ணற்ற குழாய்கள்

இந்த வேலையை நான்கு கதவுகள் செய்கின்றன. இரண்டாவது டர்போவுக்குப் புகையைத் திறந்துவிடும் பெரிய கதவு ஒன்று. அதை முன்கூட்டியே சுற்ற வைக்கும் சிறிய கதவு ஒன்று. முறை வரும்வரை அது தள்ளும் காற்றைத் திருப்பி அனுப்பும் வால்வு ஒன்று. அந்தக் காற்றை என்ஜினுக்குள் விடும் பட்டாம்பூச்சி வால்வு ஒன்று. இவை தவிர, அழுத்தம் எல்லை மீறாமல் மிகுதிப் புகையை வெளியேற்றும் வேஸ்ட்கேட் தனி.

இவற்றைத் திறந்து மூடுவது மோட்டார் அல்ல, காற்றுதான்! கம்ப்யூட்டர் உத்தரவு கொடுக்கும். சாலினாய்டு வால்வுகள் அதை ஏற்று, மெல்லிய ரப்பர் குழாய்கள் வழியாக அழுத்தத்தையோ வெற்றிடத்தையோ அனுப்பும். கதவு அசையும்.

இதற்காக என்ஜினின் மேல் கட்டுக்கட்டாக ரப்பர் குழாய்கள் பின்னிக் கிடக்கும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு "எலிக்கூடு" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

கோளாறு எங்கே?

ஆர்.எக்ஸ்.-7 காரில் இருப்பது ரோட்டரி என்ஜின். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர்கள் சுற்றும். அதன் புகைச் சூடு மிக அதிகம். அந்தச் சூட்டிலேயே ஆண்டுக்கணக்கில் வெந்துகொண்டிருந்தால் ரப்பர் குழாய் என்ன ஆகும்? கல்லாக இறுகும், விரிசல் விடும், தொட்டால் முறியும்.

ஒரு குழாய் கழன்றாலும் ஒரு கதவு திறக்காது. 4,500 சுற்றில் அழுத்தம் எட்டுக்கு இறங்குவதற்குப் பதிலாக அடியோடு சரியும். சில நேரம் இதற்கு நேர்மாறாக, மாறும் இடத்தில் அழுத்தம் திடீரென்று எகிறும். எந்தக் குழாயில் கோளாறு என்று தேடுவது, வைக்கோல் போரில் ஊசியைத் தேடுவது போலத்தான்.

"இந்தத் தொல்லையே வேண்டாம்" என்று சலித்துப்போனவர்கள் செய்வதுதான் அந்த மாற்றம்.

மாற்றம் எப்படி நடக்கிறது?

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை சிக்கனமானது. புகைக் கதவை எப்போதும் திறந்தே இருக்கும்படி கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள். பட்டாம்பூச்சி வால்வும் திறந்தபடியே நிற்கும். காற்றைத் திருப்பி அனுப்பும் வால்வின் வழியை மட்டும் அடைத்துவிடுவார்கள். வேண்டும் என்றால் பிறகு பழையபடி ஆக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது வகை முழு மாற்றம். டர்போக்களையே இறக்கி, புகைப்பாதையில் உள்ள கதவுகளை அறுத்து எடுத்து, தண்டு நுழைந்த துளைகளை வெல்டிங் வைத்து அடைப்பார்கள். பட்டாம்பூச்சியைக் கழற்றுவார்கள். டர்போவுக்கான சாலினாய்டுகளும் குழாய்களும் வெளியே போகும். மிஞ்சுவது வேஸ்ட்கேட்டுக்குப் போகும் குழாயும் வேறு சில குழாய்களும்தான். இதில் திரும்பி வர வழி இல்லை.

இப்போது இரண்டு டர்போக்களும் தொடக்கத்திலிருந்தே புகையைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்றாகச் சுற்றும்.

லாபம் என்ன? நஷ்டம் என்ன?

லாபம் கண்கூடு. என்ஜினின் மேல்பகுதி துப்புரவாகிவிடும். கோளாறு வந்தால் கண்டுபிடிப்பது சுலபம். 4,500 சுற்றில் வரும் அந்தத் தடுமாற்றம் இருக்காது. வலு ஒரே சீராக ஏறும். பந்தயத் தடத்தில் என்ஜின் எப்போதும் அதிகச் சுற்றிலேயே ஓடுவதால் அங்கே இது தோதானது. வளைவின் நடுவில் திடீரென்று வலு கூடி, பின்சக்கரம் வழுக்கும் அபாயமும் குறைவு.

நஷ்டமும் சிறியதல்ல. முன்பு 2,000 சுற்றை ஒட்டியே கிடைத்த முழு அழுத்தம், இப்போது 3,000-ஐத் தாண்டிய பிறகுதான் கிடைக்கும். சில வண்டிகளில் 3,500-ஐ நெருங்க வேண்டியிருக்கும். நகரத்து நெரிசலில், சிக்னலில் நின்று நின்று போகும் வண்டிக்கு அந்தக் கீழ்ச்சுற்று வலுதான் தினமும் தேவைப்படுவது. அதைத்தான் இந்த மாற்றம் பறித்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாற்றினால் உச்ச வலு கூடும் என்று சிலர் நினைப்பது தவறு. அதிகச் சுற்றில், கம்பெனி அமைப்பிலும் இரண்டு டர்போக்களும் சேர்ந்துதான் ஓடுகின்றன. அழுத்தம் அதே அளவு என்றால், கதவுத் தடை நீங்குவதால் கிடைக்கும் சிறு ஆதாயம் தவிரப் பெரிய வித்தியாசம் இருக்காது.

உயிருக்கே உலை வைக்கும் ஆபத்து

கதவுகளை எடுத்துவிட்டு, தடையில்லாத பெரிய சைலன்சரும் போட்டால் புகை பாய்ந்து ஓடும். கம்பெனி கொடுத்த சிறிய வேஸ்ட்கேட் துளையால் அத்தனை புகையையும் வெளியேற்ற முடியாது. மீட்டரில் பத்தில் நிற்க வேண்டிய முள் பன்னிரண்டு, பதினான்கு என்று தானாக ஏறிக்கொண்டே போகும்.

காற்று ஏறிய அளவுக்குப் பெட்ரோல் ஏறாவிட்டால், கலவை நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டன் என்ஜின் இதைச் சிறிது நேரமாவது தாங்கும். ரோட்டரி தாங்காது. ரோட்டரின் முனையில் இருக்கும் மெல்லிய சீல் உடைந்து, அதன் துண்டு உட்சுவரைக் கீறிவிட்டு, டர்போவின் சக்கரத்தையும் சிதைத்துவிட்டுத்தான் வெளியேறும். அதன் பிறகு என்ஜினை முழுவதும் பிரித்துக் கட்ட வேண்டியதுதான்.

ஆகவேதான், விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்காமல், பெட்ரோல் அளவைச் சரிபார்க்காமல் இந்த வேலையைத் தொடுவதில்லை. குழாயைக் குறைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி இதில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்த "எலிக்கூட்டில்" டர்போ குழாய்கள் மட்டும் இல்லை. புகை மாசைக் கட்டுப்படுத்தும் குழாய்களும் கலந்திருக்கின்றன. அமெரிக்காவில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியை அகற்றுவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். கலிபோர்னியா மாநிலத்தில் அந்தக் கருவிகள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்தும் சோதிப்பார்கள். ஜப்பானிலும் "ஷாகென்" எனப்படும் கட்டாயச் சோதனையில் வண்டி தேற வேண்டும்.

நம் நாட்டில் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்பவர்களும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. "ஓனர் சொன்னார், செய்தேன்" என்பது எந்த நாட்டிலும் முழுப் பாதுகாப்பு ஆகாது.

டொயோட்டா கதை

டொயோட்டா கம்பெனி 1993-ல் வெளியிட்ட சுப்ரா காரிலும் இதே முறை இருந்தது. 3 லிட்டர், 6 சிலிண்டர் என்ஜின், இரண்டு டர்போ. அமெரிக்காவில் விற்ற வண்டிக்கு 320 குதிரை சக்தி. அதிலும் இரண்டாவது டர்போ சுமார் 4,000 சுற்றில்தான் முழுமையாகச் சேரும். அதையும் கம்பி கட்டி, இரண்டையும் ஒன்றாக ஓட விடுபவர்கள் உண்டு. அது உறுதியான பிஸ்டன் என்ஜின் என்பதால் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு ஆர்.எக்ஸ்.-7 காரிலும் அப்படியே செய்வது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை.

2019-ல் வந்த புதிய சுப்ராவில் ஒரே டர்போதான் இருந்தது. புகைக்கு அதற்குள்ளேயே இரண்டு தனி வழிகள் வைத்து, தாமதத்தைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். முறை வைக்கும் கதவுகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

முடிவாக என்ன செய்யலாம்?

முறை வைக்கும் ஏற்பாடு தோற்றுப்போனது என்று சொல்வது நியாயம் ஆகாது. பெரும்பாலும் தோற்றது ரப்பர்தான். பழைய குழாய்களை எடுத்துவிட்டு, சூடு தாங்கும் சிலிகான் குழாய்களைப் போட்டு, பழுதான சாலினாய்டுகளையும் ஒருவழி வால்வுகளையும் மாற்றினால், "பத்து, எட்டு, பத்து" கணக்கு திரும்ப வந்துவிடும். அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் சீட்டுக் கட்டி, படம் வரைந்து வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

தினமும் ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அதுவே சரியான வழி. பந்தயத் தடத்துக்கு மட்டும் வண்டியை வைத்திருப்பவர், கீழ்ச்சுற்று வலுவை இழக்கத் தயார் என்றால், வேஸ்ட்கேட்டையும் பெட்ரோலையும் சரிசெய்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் முதல் செலவு ஒன்றுதான்: ஒரு நல்ல அழுத்த மீட்டர். அதைப் பொருத்தி நான்கு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்பானரைக் கையில் எடுக்கலாம்.