பட்டாளத்து லைசென்ஸ் ஐந்தருவியில் செல்லாது!
ஊர் திரும்பிய டிரைவர்களுக்கு சட்டத்தில் ஒரு வழி

குற்றாலம்.
சாரல் விழுந்துவிட்டால் ஐந்தருவி ரோட்டில் வேனும் காரும் ஆட்டோவும் நெருக்கியடிக்கும். பட்டாளத்தில் 15, 17 வருடம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்புகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது இந்தத் தொழில்தான்.

எல்லையில் இருக்கும் ஜவானுக்கு ஆட்டா, பருப்பு, பெட்ரோல் கொண்டுபோய்ச் சேர்ப்பது ராணுவத்தின் 'ஆர்மி சர்வீஸ் கோர்'. 11,500 அடிக்கு மேல் உள்ள சோஜிலா கணவாயில் ஸ்டியரிங் பிடித்தவருக்கு ஐந்தருவி வளைவு எம்மாத்திரம்!

ஆனால் இங்கேதான் சிக்கல். ராணுவ லைசென்ஸ் ராணுவ வண்டிக்கு மட்டுமே. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 18-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. அதைக் காட்டி சவாரி ஏற்றினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அதே சட்டம் 9-வது பிரிவில் கதவையும் திறந்து வைத்திருக்கிறது. பட்டாளத்து லைசென்சை ஆதாரமாகக் காட்டி மனு போட்டால், அதே ரக வண்டிக்கு மறுபடி ஓட்டிக் காட்டும் டெஸ்ட் வேண்டாம். இது தெரியாமல் புரோக்கரிடம் பணத்தைக் கொடுப்பானேன்?

ஸ்டோரில் கணக்கு எழுதியவர்களுக்கும் ஒன்று உண்டு. 10-ம் வகுப்பு பாஸ், 15 வருட சர்வீஸ் இருந்தால், டிகிரி கேட்கும் மத்திய அரசு 'சி' பிரிவு வேலைகள் சிலவற்றுக்கும் மனு போடலாம். வாட்ச்மேன் வேலைதான் கதி என்று உட்கார வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.