தென்னையின் உயரத்தைச் சொன்ன கோணமானி



கோணம் என்றாலே நம்மில் பலருக்கு ஜாமெட்ரி பாக்ஸில் சும்மா கிடக்கும் அந்த அரைவட்டம்தான் ஞாபகம் வரும். நானும் அப்படித்தான் இருந்தேன். போன மாதம் நம் பள்ளியில் இடி விழுந்த மொட்டைத் தென்னையை வெட்டினார்களே, அதிலிருந்து எனக்குக் கோணத்தின் மேல் மரியாதையே வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

கோணம் என்றால் என்ன?

கதவைத் திறக்கிறோம். அது எவ்வளவு திரும்புகிறதோ அதுதான் கோணம். ஒரு முழுச் சுற்று 360 பாகை. கால் சுற்று 90 பாகை, அதாவது செங்கோணம். பழங்காலப் பாபிலோனியர்கள் அறுபது அறுபதாகக் கணக்குப் பார்த்தவர்கள். அந்த வழியில்தான் ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 வினாடி என்று இன்றும் பிரிக்கிறோம். 360-ல் ஒரு வசதியும் உண்டு. அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 24 இருக்கின்றன. பாதி, கால், மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று எதை எடுத்தாலும் பின்னம் வராது.

இப்போது நோட்டில் 45 பாகை வரையுங்கள். கைகள் 2 செ.மீ. இருக்கட்டும். பிறகு அதே கைகளை 20 செ.மீ. வரை நீட்டுங்கள். பாகை மாறியதா? மாறாது! கோடு நீளலாம், கோணம் நீளாது. அதனால்தான் உள்ளங்கை அகலக் கோணமானியால் தென்னை மரத்தையே அளக்க முடிகிறது.

மரம் வெட்டிய கதை

தென்னைக்கு ஒருபக்கம் கரண்ட் கம்பி. மறுபக்கம் ஒன்றாம் வகுப்பு ஓட்டுக் கட்டடம். அந்தப் பக்கம்தான் சாய்க்க வேண்டும். மரத்திலிருந்து கட்டடச் சுவர் வரை டேப்பில் அளந்தால் 14.5 மீட்டர். வெட்ட வந்த தாத்தா அண்ணாந்து பார்த்துவிட்டு, "அவ்வளவு தூரம் வராதும்மா, அடியோட சாய்ச்சிடலாம்" என்றார். சனிக்கிழமை வெட்டுவதால் பிள்ளைகள் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் ஓடு உடைந்தால் திங்கட்கிழமை எங்கே உட்காருவார்கள்? என் தம்பியும் அந்த வகுப்புதான்.

கணக்கு டீச்சர், "நீங்களே அளந்து சொல்லுங்க" என்றார். கோணமானியின் நேர்விளிம்பில் தீர்ந்துபோன பேனாக் குழாயை நூலால் கட்டினோம். நடுப்புள்ளியில் ஒரு நூல், நூலின் நுனியில் ஒரு கல். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு மாதிரிதான். குழாயை மட்டமாகப் பிடித்தால் நூல் 90-ல் நிற்கும். அண்ணாந்து பார்த்தால் நூல் நகரும். 90-லிருந்து எவ்வளவு நகர்ந்ததோ அதுதான் ஏற்றக்கோணம்.

குழாய் வழியாக மரத்தின் உச்சியைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்தேன். என் தோழி நூலைப் பார்த்து, "நில்லுடி! நாப்பத்தஞ்சு!" என்று கத்தினாள். tan என்று படிக்கிறோமே, எதிர்ப்பக்கம் வகுத்தல் அடுத்துள்ள பக்கம், அந்த டேன் 45 பாகைக்கு 1. அதாவது மரத்துக்கும் எனக்கும் உள்ள தூரமே உயரம். டேப்பில் 13.8 மீட்டர் வந்தது. 14.5-ஐ விடக் குறைவு!

"டீச்சர், தாத்தா சொன்னது சரிதான்" என்று ஓடினேன். டீச்சர் சிரித்துக்கொண்டே, "ஏம்மா, மரம் உன் கண்ணு மட்டத்துல இருந்தா முளைச்சிருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கண் தரையிலிருந்து 1.4 மீட்டர் மேலே இருக்கிறது. அதைச் சேர்க்கவே இல்லை! சேர்த்தால் 15.2 மீட்டர். மரம் ஓட்டின் மேல்தான் விழும்.

சந்தேகம் தீர, 30 பாகை வரும் இடத்திலும் நின்று பார்த்தோம். தூரம் 24 மீட்டர். டேன் 30 பாகை சுமார் 0.577. பெருக்கினால் 13.85. என் கண் உயரம் சேர்த்து 15.25. இரண்டு விடையும் ஏறக்குறைய ஒன்றே.

தலைமையாசிரியர் கணக்கைப் பார்த்துவிட்டுத் தாத்தாவிடம் பேசினார். ஏணி வைத்து, கயிறு கட்டி, மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். ஓர் ஓடுகூட உடையவில்லை. துண்டுகளையும் அடிக்கட்டையையும் அளந்து கூட்டினோம், 15 மீட்டர். 20 செ.மீ. பிசகு, காற்றில் நூல் ஆடியதால் இருக்கலாம்.

பெரிய அளவில் இதே வேலை

1802 ஏப்ரல் 10 அன்று லாம்டன் என்பவர் சென்னை பரங்கிமலையருகே சுமார் 12 கி.மீ. நீளக் கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். பிறகு அதன் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கோணங்களை அளந்துகொண்டே போனார்கள். தியோடலைட் என்ற அவருடைய கோணம் அளக்கும் கருவியின் எடை சுமார் அரை டன்! 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து அது சேதமானது. அவரே அதைச் சரிசெய்தார். அந்த நில அளவைதான் பின்னாளில் எவரெஸ்ட் சிகரத்தையும் தூரத்திலிருந்தே அளந்து, 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தது.

நீங்களும் நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியை அளந்து பாருங்கள். குழாய் வழியாகச் சூரியனை மட்டும் பார்க்காதீர்கள். கண் உயரத்தைக் கூட்ட மறக்காதீர்கள். நான் மறந்தேன், நீங்கள் மறக்க வேண்டாம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி