குப்பைப் பையிலிருந்து கட்டடக் கல்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் நாளே ஒரு சின்னக் குப்பை மேடு சேர்ந்துவிடும். மானிட்டரைத் தாங்கி வந்த தெர்மோகோல், கீ போர்டை மூடியிருந்த மெல்லிய பை, மவுஸைச் சுற்றியிருந்த குமிழ் உறை என எல்லாமே பிளாஸ்டிக்தான். அட்டைப் பெட்டியை வாரண்டிக்காகப் பரணில் ஏற்றி வைக்கிறோம். மற்றவை தெருமுனைக்குப் போய், சருகுகளோடு சேர்ந்து எரிகின்றன. எரியாதவை சாக்கடையை அடைக்கின்றன, மாட்டின் வயிற்றுக்குள் போகின்றன.

இந்தப் பைகளைக் கல்லாக மாற்றலாம் என்றால் நம்புவீர்களா? பெயரிலேயே கல்லை வைத்திருக்கும் திண்டுக்கல்லிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில் உள்ள மதுரையில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லின் பெயர் பிளாஸ்டோன். பிளாஸ்டிக்கும் ஸ்டோனும் சேர்ந்த பெயர்.

யார் கண்டுபிடித்தது?

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன்தான் இதன் பின்னால் இருப்பவர். இவர் முதலில் கையில் எடுத்தது தார்ச்சாலையை. 2002ல் கல்லூரி வளாகத்திலேயே பிளாஸ்டிக் கலந்த சாலை போட்டுப் பார்த்தார். 2006ல் இந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. 2018ல் மத்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. சாலையில் பயன்படுத்திய அதே அடிப்படையில் அடுத்து உருவானதுதான் பிளாஸ்டோன்.

எப்படி வேலை செய்கிறது?

விஷயம் மிக எளிது. பைகளைச் சுத்தம் செய்து, காயவைத்து, சில மில்லிமீட்டர் அளவுள்ள துகள்களாக வெட்டிக்கொள்கிறார்கள். சாலைக்குப் போடும் ஜல்லியைச் சுமார் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அதன் மேல் துகள்களைத் தூவினால், ஒரு நிமிடத்துக்குள் அவை உருகி ஒவ்வொரு ஜல்லியின் மீதும் மெல்லிய போர்வைபோலப் படிந்துவிடும். பிறகு தாரைச் சேர்க்கிறார்கள். பிளாஸ்டிக், தார் இரண்டுக்கும் மூலம் பெட்ரோலியம்தான் என்பதால் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. மழைநீர் ஜல்லிக்குள் இறங்க வழி இல்லை. எனவே குண்டும் குழியும் விழுவது குறைகிறது.

பிளாஸ்டோனில் தாருக்கு வேலை இல்லை. பிளாஸ்டிக்கின் அளவைக் கூட்டி, உருகிய பிளாஸ்டிக்கையே கற்களைப் பிணைக்கும் பசையாக்கி, அச்சில் போட்டு அழுத்திக் கட்டியாக எடுக்கிறார்கள். சிமெண்ட் கலக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றி நாள்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். ஆறினால் கல் தயார். ஒரு கட்டிக்குச் சுமார் 300 கேரி பேக்குகளும் ஐந்தாறு குளிர்பான பாட்டில்களும் தேவைப்படும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நடைபாதை, முற்றம், சுற்றுச்சுவர் போன்றவற்றுக்கு இது ஏற்றது.

வயல் மண்ணை வெட்டி எடுத்து, சூளையில் விறகோ நிலக்கரியோ போட்டுச் சுடும் செங்கல்லோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மேல்மண் மிச்சம், எரிபொருளும் மிச்சம்.

எல்லா பிளாஸ்டிக்கும் ஆகுமா?

ஆகாது. இங்கேதான் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பல பிளாஸ்டிக் பொருட்களின் அடியில் சிறு முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் அதன் ஜாதகம்.

1 - பெட். தண்ணீர், குளிர்பான பாட்டில்கள். பழைய பொருள் கடைக்காரர் விலை கொடுத்தே வாங்கிக்கொள்வார்.

2, 4 - பாலிதீன் வகைகள். கேரி பேக், கீ போர்டு உறை, குமிழ் உறை பெரும்பாலும் இவைதான். சாலைக்கும் கல்லுக்கும் ஏற்றவை.

3 - பிவிசி. பல ஒயர்களின் மேலுறை இதுதான். இதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். சாலைக்கோ கல்லுக்கோ சேர்க்கவே கூடாது.

5 - பாலிபுரோப்பிலின். பல டப்பாக்கள், மூடிகள். பயன்படுத்தலாம்.

6 - பாலிஸ்டைரின். தெர்மோகோல் இந்த வகை. பயன்படுத்தலாம்.

7 - மற்றவை. சிடி, டிவிடி செய்யப்படும் பாலிகார்பனேட் இதில் சேரும். இதைத் தனியாக வைக்கவும்.

மானிட்டர், சிபியு, பிரிண்டர் ஆகியவற்றின் கெட்டியான உறைகள் வேறு ரகம். தீப்பிடிக்காமல் இருக்க அவற்றில் புரோமின் கலந்த ரசாயனங்களைச் சேர்ப்பது உண்டு. அவை மின்னணுக் கழிவுகள். பைகளோடு கலக்காதீர்கள். செம்புக்காக ஒயர்களைக் கொளுத்துவதும் ஆபத்து. அந்தப் புகையில் டையாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கிறது.

உங்கள் தெருவுக்கு எவ்வளவு?

விண்டோஸில் உள்ள கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் சாலை போடச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் தேவை. அதாவது 3,750 சதுர மீட்டருக்கு 1,000 கிலோ. உங்கள் தெரு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்றால் பரப்பு 300 சதுர மீட்டர். 300ஐ 3,750ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்குங்கள். விடை 80 கிலோ. பை ஒன்றின் எடை 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் 16,000 பைகள்! ஒரு சின்னத் தெருவே இவ்வளவையும் விழுங்கிவிடும்.

குறைகளே இல்லையா?

உண்டு. பிளாஸ்டிக் சூட்டில் இளகும் பொருள். எனவே மாடி தாங்கும் சுவருக்கு இத்தகைய கற்களைப் பயன்படுத்தும் முன் தீ, எடை இரண்டுக்கும் முறையான சோதனை அவசியம். வெயிலில் தேய்ந்து நுண்துகள்கள் மண்ணில் சேர வாய்ப்பு உண்டு என்ற கவலையும் இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் சட்டி வைத்து உருக்கிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். வெப்பம் கட்டுப்பாட்டை மீறினால் நச்சுப் புகைதான் மிஞ்சும்.

எல்லாவற்றையும்விட நல்லது, பையே வாங்காமல் இருப்பது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. கடைக்குத் துணிப்பையோடு போவதுதான் முதல் படி. பிளாஸ்டோன் தடைக்கு மாற்று அல்ல, மீறிச் சேரும் குப்பைக்கு ஒரு வழி.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பேக்கிங் பைகளையும் தெர்மோகோலையும் ஈரம், மண் படாமல் ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். அழுக்கான பையை யாரும் எடுக்க மாட்டார்கள்.

2. தூய்மைப் பணியாளரிடம் மக்கும் குப்பை, மக்காத குப்பை எனத் தனித்தனியாகக் கொடுங்கள். பிரிக்காத குப்பையில் இருந்து கல் வராது.

3. பழைய மவுஸ், கீ போர்டு, ஒயர், கார்ட்ரிட்ஜ் ஆகியவற்றைத் தனிப் பெட்டியில் போடுங்கள். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இதன்படி மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பு நிறுவனங்களுக்கு உண்டு. திரும்பப் பெறும் வசதி உள்ளதா என்று கேட்டுப் பாருங்கள்.

4. பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள படங்களையும் கணக்கு விவரங்களையும் நகலெடுத்துக்கொண்டு, டிஸ்க்கை முழுமையாக அழித்துவிடுங்கள்.